ஜாங்கோவில் குக்கி செட் செய்வது: ஞாயிறு வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு காலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வெப் புரோகிராமிங் படிக்க வருகிறார்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு என்று பக்கத்து ஏரியாப் பிள்ளைகள்தான் அதிகம். ஒரு பெண் மட்டும் எண்ணூரிலிருந்து பஸ் மாறி வருகிறாள். பைத்தானும், அதில் தளம் கட்டுவதற்கான ஃப்ரேம்வொர்க் (ஆயத்தக் கோடு தொகுப்பு) ஆன ஜாங்கோவும் சொல்லித் தருகிறேன். குக்கி பாடம் வந்தால் ஒவ்வொரு பேட்சிலும் அதே கேள்விகள், அதே இடத்தில் தடுமாற்றம். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

உதாரணமாக வருவது ஒரு மாணவி தன் அம்மாவுக்காகச் செய்த தளம். அம்மா விடியற்காலையில் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து வருகிறார். வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்த ஆர்டர்களைத் தளத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் திட்டம்.

இன்னொன்று. ஃபங்ஷன், செட்டிங் பெயர்களைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். கோடில் அவற்றை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

குக்கி என்றால் என்ன? சர்வரில் இருக்கிறதா, போனில் இருக்கிறதா?

போனில், அதாவது பிரவுசரில் இருக்கிறது. இதில் தெளிவு இருந்தால் மீதிப் பாதி தானாகப் புரியும்.

திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோவிலுக்குப் பௌர்ணமியன்று போயிருப்பீர்கள். வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள். திரும்பி வந்து டோக்கனை நீட்டினால் செருப்பு கிடைக்கும். கடைக்காரருக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்காது, அத்தனை கூட்டம். அவருக்குத் தெரிந்தது டோக்கன் எண் மட்டும்தான். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபி-யும் அப்படித்தான். பிரவுசர் கேட்பது ரிக்வெஸ்ட், சர்வர் தரும் பதில் ரெஸ்பான்ஸ். ஒரு ரிக்வெஸ்டுக்குப் பதில் அனுப்பியதோடு சர்வர் உங்களை மறந்துவிடுகிறது. அடுத்த கிளிக்கில் வருவதும் நீங்கள்தான் என்று அதற்குத் தெரியாது. அதனால் பதிலோடு ஒரு சின்னத் துண்டுச் சீட்டைக் கொடுத்து அனுப்புகிறது. பிரவுசர் அதை வைத்திருந்து அடுத்தடுத்த ரிக்வெஸ்டில் திருப்பிக் காட்டுகிறது. அந்தச் சீட்டுதான் குக்கி.

1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மொன்டுல்லி இதை உருவாக்கினார். யூனிக்ஸ் புரோகிராமர்கள் இந்த மாதிரித் துண்டுத் தகவலை ஏற்கெனவே 'மேஜிக் குக்கி' என்று சொல்லிவந்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. இன்று பிரவுசர்களும் ஃப்ரேம்வொர்க்குகளும் அடிப்படையாக வைத்திருக்கும் விதிமுறை 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6265.

சரி, ஜாங்கோவில் எப்படி செட் செய்வது?

ரிக்வெஸ்டை வாங்கிப் பதில் தரும் ஃபங்ஷன்தான் வியூ. அந்த வியூவில் ரெஸ்பான்ஸை முதலில் ஒரு வேரியபிளில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ரெஸ்பான்ஸ் மேல் செட்_குக்கி மெத்தடைக் கூப்பிட்டு, பெயரையும் மதிப்பையும் கொடுங்கள். பிறகு அதே ரெஸ்பான்ஸை ரிட்டர்ன் செய்யுங்கள். அடுத்த ரிக்வெஸ்டில் ரிக்வெஸ்ட்.குக்கீஸ் என்ற டிக்ஷனரியில் அது வந்து நிற்கும். அதிலிருந்து எடுக்கும்போது 'கெட்' போட்டு எடுங்கள். முதல் தடவை வருகிறவரிடம் குக்கி இருக்காது. சதுர அடைப்புக்குறி போட்டு எடுத்தால் புது வாடிக்கையாளர் எல்லாருக்கும் பக்கம் உடையும்.

மீன் தளத்தில் முதல் குக்கி, வாடிக்கையாளர் எந்த ஏரியா என்பது. ராயபுரத்தைத் தேர்ந்தெடுத்தால் பின்கோடை வைத்துக்கொள்கிறோம். சர்வரிலிருந்து பிரவுசருக்குப் போகும் வரி இப்படி இருக்கும் (பின்னால் ஒட்டியிருப்பவற்றைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்):

செட்-குக்கி: ஏரியா=600013; மேக்ஸ்-ஏஜ்=2592000; பாத்=/; செக்யூர்; எச்டிடிபிஒன்லி; சேம்சைட்=லாக்ஸ்

திரும்பி வரும்போது வெறும் 'குக்கி: ஏரியா=600013' என்று மட்டும்தான் வரும். ஆயுள், பாத் எதுவும் திரும்பி வராது. "குக்கி எப்போது காலாவதியாகும் என்று சர்வரில் எப்படிப் படிப்பது?" என்று போன மாதம் ஒருவன் கேட்டான். படிக்க முடியாது. தேவையென்றால் அந்தத் தேதியை நீங்களே மதிப்புக்குள் எழுதி வைக்க வேண்டும்.

மற்ற ஃப்ரேம்வொர்க்குகளும் இதே கதைதான். ஃப்ளாஸ்க்கில் மேக்_ரெஸ்பான்ஸ் செய்து அதன்மேல் செட்_குக்கி. எக்ஸ்பிரஸில் ரெஸ்.குக்கி. பெயர் எதுவாக இருந்தாலும் கடைசியில் ரெஸ்பான்ஸ் ஹெடரில் (பக்கத்துக்கு முன்னால் போகும் தகவல் வரிகளில்) ஒரு செட்-குக்கி வரி சேருகிறது, அவ்வளவுதான்.

அக்கா, செட் செய்தேன். எர்ரரும் இல்லை. ஆனால் குக்கி வரவே இல்லை. ஏன்?

எல்லாவற்றையும்விட அதிகமாக வரும் கேள்வி இது. எர்ரர் வராததுதான் இதில் கஷ்டமே. செட்_குக்கி என்பது பிரவுசருக்கு நாம் வைக்கும் கோரிக்கை. ஏற்பதும் மறுப்பதும் பிரவுசர் கையில் இருக்கிறது. மறுத்தால் அது சர்வருக்குத் தகவல் சொல்லாது. அதனால் கோடை மறுபடி மறுபடி பார்த்துப் பிரயோஜனமில்லை. பிரவுசர் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும்.

எஃப் 12 அழுத்துங்கள், பிரவுசரின் டெவலப்பர் கருவிகள் திறக்கும். நெட்வொர்க் டேபைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை மறுபடி லோடு செய்யுங்கள். முதல் வரிசையைக் கிளிக் செய்து ரெஸ்பான்ஸ் ஹெடர்களைப் பாருங்கள். செட்-குக்கி வரி இருக்கிறதா, இல்லையா? இந்த ஒரே கேள்வி பிரச்சினையை இரண்டாகப் பிரித்துவிடும்.

வரியே இல்லையென்றால் தப்பு நம் கோடில். பத்தில் ஏழு தடவை நான் பார்த்தது இதுதான்: ஒரு ரெஸ்பான்ஸில் குக்கியை செட் செய்துவிட்டு, கடைசி வரியில் 'ரிட்டர்ன் ரெண்டர்' என்று புதிதாக இன்னொரு ரெஸ்பான்ஸை உருவாக்கி அனுப்பியிருப்பார்கள். சீட்டு ஒட்டிய கவரை மேஜையிலேயே விட்டுவிட்டு வேறு கவரைத் தபாலில் போட்ட மாதிரி. ரீடைரக்ட் செய்யும் வியூவிலும் இதே தப்பு நடக்கும். ரீடைரக்டும் ஒரு ரெஸ்பான்ஸ்தான், அதன்மேல் தாராளமாக குக்கி செட் செய்யலாம். அந்த ரீடைரக்ட் ஆப்ஜெக்டின் மேலேயே செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம்.

பிஎச்பி என்ற இன்னொரு மொழியில் இதற்கு வேறொரு முகம் உண்டு. பக்கத்தின் ஒரு எழுத்து வெளியே போய்விட்டாலும், அது கோடுக்கு முன்னால் தெரியாமல் விட்ட ஒரு காலி வரியாக இருந்தாலும்கூட, ஹெடர்கள் ஏற்கெனவே போய்விட்டன என்று எச்சரிக்கை வரும். அதற்குப் பிறகு குக்கி போகாது. ஹெடர்தான் முதலில் போகும், பக்கம் பின்னால் போகும். அந்த வரிசையை மாற்ற முடியாது.

வரி இருக்கிறது, ஆனால் அப்ளிகேஷன் டேபில் குக்கியைக் காணோம் என்றால் பிரவுசர் மறுத்திருக்கிறது. குரோமில் அந்த வரிக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருக்கும். மவுஸை அதன்மேல் வைத்தால் காரணம் சொல்லும். கம்ப்யூட்டர் நம்மிடம் நேர்மையாகக் காரணம் சொல்லும் அபூர்வமான இடம் அது, தயவுசெய்து படியுங்கள். சாதாரண எச்டிடிபி-யில் இருந்துகொண்டு செக்யூர் போட்டிருப்பீர்கள். அல்லது சேம்சைட் 'நன்' என்று வைத்து செக்யூரை விட்டிருப்பீர்கள். அல்லது உங்களுடையதல்லாத டொமைனை எழுதியிருப்பீர்கள்.

மூன்றாவதாக ஒரு ஆள்மாறாட்டமும் உண்டு. ஒரு டேபில் லோக்கல்ஹோஸ்ட் என்றும், இன்னொன்றில் 127.0.0.1 என்றும் திறந்திருப்பீர்கள். இரண்டும் ஒரே கம்ப்யூட்டர்தான். ஆனால் பிரவுசர் பார்ப்பது பெயரை. ஒன்றில் வைத்த குக்கி மற்றதற்குப் போகாது.

அதே வியூவில் செட் செய்த உடனே படித்தால் காலியாக இருக்கிறதே?

இருக்கத்தான் செய்யும். ரிக்வெஸ்ட்.குக்கீஸ் என்பது பிரவுசர் கொண்டுவந்தது. நீங்கள் இப்போது எழுதியது இன்னும் பிரவுசரிடம் போய்ச் சேரவே இல்லை. அடுத்த ரிக்வெஸ்டில்தான் வரும். இதே பக்கத்தில் அந்த மதிப்பு வேண்டுமென்றால், கையில் இருக்கும் வேரியபிளையே டெம்ப்ளேட்டுக்குக் கொடுங்கள்.

எத்தனை நாள் இருக்கும் என்று எப்படிச் சொல்வது?

மேக்ஸ்_ஏஜ், எக்ஸ்பயர்ஸ் என்று இரண்டு வழிகள். எதுவும் சொல்லாவிட்டால் அது செஷன் குக்கி, பிரவுசரை மூடினால் போய்விடும். புத்தகங்களில் இப்படித்தான் போட்டிருக்கும். ஆனால் குரோமில் 'விட்ட இடத்திலிருந்து தொடர்க' என்ற செட்டிங் இருந்தால், மூடித் திறந்த பிறகும் செஷன் குக்கிகள் உயிரோடு வந்துவிடும். அதை நம்பி முக்கியமான எதையும் வைக்க வேண்டாம்.

மேக்ஸ்_ஏஜ் என்பது இப்போதிலிருந்து எவ்வளவு நேரம் என்பது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜாங்கோவிலும் ஃப்ளாஸ்க்கிலும் இந்த எண் விநாடிக் கணக்கு. எக்ஸ்பிரஸில் மில்லி விநாடி. பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கான லாராவெலின் குக்கி ஃபங்ஷனில் நிமிடம். முப்பது நாளுக்கான 2592000-ஐ ஜாங்கோவிலிருந்து எக்ஸ்பிரஸுக்கு அப்படியே காப்பி செய்தால் முக்கால் மணி நேரத்துக்குள் குக்கி செத்துவிடும். லாராவெலில் போட்டால் கிட்டத்தட்ட ஐந்து வருடம் கேட்டதாக ஆகும். ஃப்ரேம்வொர்க் மாறும்போது முதலில் யூனிட்டைப் பாருங்கள்.

எக்ஸ்பயர்ஸ் என்பது இன்ன தேதி வரை என்று சொல்வது. முடிவுத் தேதி நிலையாக இருக்கும்போது இதுதான் சரி. நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாட்களில் தளத்தின் மேலே, "விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை, வஞ்சிரம் வரத்து குறைவு, விலை ஏறியிருக்கும்" என்று ஒரு அறிவிப்புப் பட்டை வரும். ஒருவர் அதை மூடிவிட்டால் மறுபடி காட்டக் கூடாது. ஆனால் அடுத்த வருடத் தடைக்காலத்தில் காட்ட வேண்டும். அப்போ 61 நாள் என்று மேக்ஸ்_ஏஜ் வைத்தால் மே மாதம் மூடியவருக்கு ஜூலை வரை குக்கி அநாவசியமாக நிற்கும். ஜூன் 14 இரவோடு முடி என்று எக்ஸ்பயர்ஸ் கொடுத்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முடியும்.

அந்த இரவைக் கவனமாக எழுதுங்கள். குக்கியின் தேதி ஜிஎம்டி-யில் போகும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். ஜூன் 14 இரவு பன்னிரண்டு மணி என்பது அங்கே ஜூன் 14, 18:30. நேரமண்டலம் குறிப்பிடாத டேட்டைமைக் கொடுத்தால் ஜாங்கோ அதை யுடிசி, அதாவது அதே ஜிஎம்டி நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். என் மாணவி முதலில் நள்ளிரவு என்று எழுதியதில் குக்கி ஜூன் 15 விடிந்து ஐந்தரைக்குத்தான் போயிற்று. படகுகள் எல்லாம் அதற்குள் கடலுக்குக் கிளம்பிவிட்டிருக்கும்.

பத்து வருடம், இருபது வருடம் என்று வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். குரோம் 2022-இலிருந்து 400 நாளுக்கு மேல் எந்தக் குக்கியையும் வைப்பதில்லை. நீங்கள் எவ்வளவு கேட்டாலும் 400-இல் வெட்டிவிடும்.

பாத், டொமைன் இரண்டையும் எப்போது தொட வேண்டும்?

பெரும்பாலும் தொடவே வேண்டாம். ஜாங்கோவில் பாத் தானாகவே '/' என்று இருக்கும், தளம் முழுக்கப் போகும். டொமைனைச் சொல்லாமல் விட்டால் செட் செய்த அதே ஹோஸ்டுக்கு மட்டும் போகும். டொமைனை எழுதினால் அதன்கீழ் இருக்கும் எல்லா சப்டொமைனுக்கும் போகும். பாதுகாப்புக்காக எழுதுவதாக நினைத்துக்கொண்டு நிறையப் பேர் டொமைனை எழுதுகிறார்கள். எழுதினால் வட்டம் பெரிதாகிறது, சுருங்குவதில்லை.

எச்டிடிபிஒன்லி, செக்யூர், சேம்சைட்: மூன்றும் அவசியமா?

லாகின் சம்பந்தப்பட்ட குக்கிக்கு மூன்றும் அவசியம்.

எச்டிடிபிஒன்லி போட்டால் பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டால் அந்தக் குக்கியைப் படிக்க முடியாது. யாராவது உங்கள் கமென்ட் பெட்டி வழியாக ஒரு ஸ்கிரிப்டை நுழைத்துவிட்டாலும் டோக்கனை உருவிக்கொண்டு போக முடியாது. செக்யூர் போட்டால் எச்டிடிபிஎஸ்-இல் மட்டும்தான் போகும். உங்கள் கம்ப்யூட்டரில் லோக்கல்ஹோஸ்டில் வேலை செய்யும்போது குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இதற்கு விலக்கு தருகின்றன. ஆனால் தம்பியின் போனில் பார்க்கலாம் என்று வைஃபை வழியாக 192.168 என்று தொடங்கும் முகவரியில் திறந்தால் விலக்கு கிடையாது, குக்கி நிற்காது. லாகினை ஞாபகம் வைக்க ஜாங்கோ தானாக வைக்கும் குக்கிக்கும் செஷன் குக்கி என்றுதான் பெயர் (பிரவுசரை மூடினால் போகும் என்று மேலே சொன்ன வகை வேறு). அதில் எச்டிடிபிஒன்லியும் லாக்ஸும் முன்கூட்டியே இருக்கும். செக்யூர் மட்டும் இருக்காது. சர்வரில் ஏற்றும் நாளில் செஷன்_குக்கி_செக்யூர் என்பதை 'ட்ரூ' ஆக்க மறக்காதீர்கள்.

சேம்சைட்தான் ஆள்களைச் சுற்றவிடுவது. வேறொரு தளத்திலிருந்து உங்கள் தளத்துக்கு ஒரு ரிக்வெஸ்ட் வந்தால் குக்கியைச் சேர்த்து அனுப்பலாமா என்பது கேள்வி. 'ஸ்ட்ரிக்ட்' என்றால் ஒருபோதும் அனுப்பாது. வாட்ஸ்அப் வெப்பில் வந்த லிங்க்கைத் தட்டி உள்ளே வந்தால்கூட முதல் பக்கத்தில் லாகின் இல்லாதவர் போலத் தெரிவார். 'லாக்ஸ்' என்றால் லிங்க்கைத் தட்டி வருவதற்கு அனுப்பும், வேறு தளத்திலிருந்து வரும் போஸ்டுக்கு (ஃபார்ம் விவரங்களைச் சுமந்து வரும் ரிக்வெஸ்டுக்கு) அனுப்பாது. 'நன்' என்றால் எல்லாவற்றுக்கும் அனுப்பும், ஆனால் செக்யூர் கட்டாயம். எதுவும் சொல்லாத குக்கியை லாக்ஸ் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை குரோம் 2020-இல் கொண்டுவந்தது.

மீன் தளத்தில் இது எப்படிக் கடித்தது என்று சொல்கிறேன். வாடிக்கையாளர் பணம் கட்ட வேறு தளத்துக்குப் போகிறார். யுபிஐ-யில் கட்டி முடித்ததும் அந்தத் தளம் ஒரு போஸ்ட் மூலம் நம் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. வேறு தளம், அதுவும் போஸ்ட். அதனால் லாக்ஸ் குக்கி வராது. பணம் போய்விட்டது, திரையில் 'லாகின் செய்யவும்' என்று நிற்கிறது. அரை கிலோ நெத்திலிக்கு இருமுறை பணம் கட்டியவர் போன் செய்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. மாணவி அவசரத்தில் சேம்சைட்டை 'நன்' என்று மாற்றினாள். வேலை செய்தது. நான் அதை எடுக்கச் சொன்னேன். ஒரு கதவு திறக்கவில்லை என்பதற்காக வீட்டின் எல்லாக் கதவையும் கழற்றி வைக்கக் கூடாது.

சரியான வழி இது. பணம் கட்டிய பிறகு வரும் அந்த வியூ, செஷனை நம்பவே கூடாது. போஸ்டில் வரும் ஆர்டர் எண்ணையும் கையொப்பத்தையும் சரிபார்த்து, டேட்டாபேஸில் 'பணம் வந்தது' என்று குறித்துக்கொள்ள வேண்டும். வேறு தளத்திலிருந்து வரும் போஸ்டை ஜாங்கோ தடுக்கும் சோதனைக்கு சிஎஸ்ஆர்எஃப் என்று பெயர். அந்த வியூவுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு வேண்டும். பிறகு நம் தளத்தின் சாதாரண 'நன்றி' பக்கத்துக்கு ரீடைரக்ட். அது கெட் ரிக்வெஸ்ட் என்பதால் லாக்ஸ் குக்கி திரும்ப வந்துவிடும், வாடிக்கையாளர் லாகினோடு இருப்பார்.

குக்கியில் தமிழ் எழுதலாமா?

நேரடியாக வேண்டாம். குக்கி மதிப்பில் ஆஸ்கி எழுத்துகளுக்குத்தான் (ஆங்கில எழுத்து, எண், சில குறிகள்) உத்தரவாதம். அதிலும் அரைப்புள்ளி, கமா, இடைவெளி கூடாது. எழுதியே ஆக வேண்டுமென்றால் பர்சென்ட் என்கோடிங் (ஒவ்வொரு பைட்டையும் % குறியோடு எழுதுவது) செய்து வைத்து, படிக்கும்போது டிகோடு செய்யுங்கள். எக்ஸ்பிரஸ் இதைத் தானாகச் செய்யும். ஜாங்கோவில் நீங்கள்தான் பைத்தானின் 'குவோட்', 'அன்குவோட்' ஃபங்ஷன்களைக் கூப்பிட வேண்டும்.

ஆனால் விலையைப் பாருங்கள். 'காசிமேடு' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் எட்டுக் குறிகள், ஏனென்றால் துணைக்கால், கொம்பு எல்லாம் தனிக் குறி. ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட், மொத்தம் 24. பர்சென்ட் என்கோடிங்கில் ஒரு பைட்டுக்கு மூன்று எழுத்து, மொத்தம் 72. நான்கு எழுத்து 72 ஆனது. அதனால்தான் ஏரியாப் பெயரை வைக்காமல் பின்கோடை வைத்தோம். பெயரை டேட்டாபேஸில் தமிழில் அழகாக வைத்துக்கொள்ளலாம்.

அப்போ கூடை முழுவதையும் குக்கியில் வைக்கலாமா? டேட்டாபேஸ் வேலை மிச்சமாகுமே.

ஒரு குக்கிக்கு 4096 பைட், அதில் பெயரும் மற்ற சேர்மானங்களும் அடக்கம். குறைந்தது இவ்வளவு பிரவுசர் தாங்க வேண்டும் என்று விதிமுறை சொல்கிறது. நடைமுறையில் அதுவே உச்சவரம்பு. அது தவிர, படம், சிஎஸ்எஸ் உட்பட அந்தத் தளத்துக்குப் போகும் ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் குக்கி கூடவே போகும். போன் சிக்னல் சரியில்லாத இடத்தில் நிற்கிறவர்தான் அதன் சுமையைத் தாங்குகிறார்.

அளவைவிடப் பெரிய காரணம் வேறு. குக்கி இருப்பது அவர் கையில். எஃப் 12 அழுத்தத் தெரிந்த யாரும் மதிப்பை மாற்றலாம். ஒரு மாணவன் கூடையில் விலையையும் சேர்த்து வைத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அப்ளிகேஷன் டேபைத் திறந்து, 900 என்று இருந்ததை இருமுறை கிளிக் செய்து 9 ஆக்கினான். ஒரு கிலோ வஞ்சிரம் ஒன்பது ரூபாய்க்கு ஆர்டர் ஆனது. வகுப்பே அமைதியாகிவிட்டது. நான் எத்தனை மணி நேரம் பேசினாலும் அந்த ஒரு நிமிடம் சொன்ன அளவுக்குச் சொல்லியிருக்க முடியாது.

மாற்றினால் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் ஜாங்கோவில் செட்_சைன்டு_குக்கி இருக்கிறது. மதிப்போடு ஒரு கையொப்பம் சேர்த்து அனுப்பும். யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும் கெட்_சைன்டு_குக்கி மறுத்துவிடும். ஆனால் கையொப்பம் வேறு, பூட்டு வேறு. சைன் செய்த குக்கியை மாற்ற முடியாதே தவிர, படிக்க முடியும். ஃப்ளாஸ்க்கின் செஷன் அப்படிப்பட்டதுதான். சீக்ரெட் கீயால் கையொப்பமிட்டு முழு செஷனையும் குக்கியிலேயே அனுப்புகிறது. அதற்குள் போன் நம்பரையோ முகவரியையோ வைத்தால் யாரும் டிகோடு செய்து பார்க்கலாம். லாராவெல் தன் குக்கிகளை வழக்கமாகவே என்கிரிப்ட் செய்துவிடும். நீங்கள் எதில் வேலை செய்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை: குக்கியில் டோக்கன் எண் மட்டும் இருக்கட்டும், செருப்பு கடையிலேயே இருக்கட்டும். ஜாங்கோவின் வழக்கமான செஷன் அப்படித்தான் வேலை செய்கிறது. செஷன்ஐடி என்ற குக்கியில் எழுத்தும் எண்ணும் கலந்த, ஊகிக்க முடியாத ஒரு நீளமான குறியீடு, மீதி எல்லாம் டேட்டாபேஸில்.

ரியாக்ட் ஒரு போர்ட்டிலும் ஜாங்கோ ஒரு போர்ட்டிலும் ஓடுகிறது. லாகின் குக்கி ஒட்டவில்லை.

திரையில் தெரியும் பக்கத்தை ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியில் செய்தவர்கள் கேட்பது இது. போர்ட் குக்கிக்குப் பொருட்டே இல்லை. லோக்கல்ஹோஸ்ட் 3000-உம் 8000-உம் ஒரே குக்கிகளைப் பங்குபோடும். உங்களைத் தடுப்பது வேறு. எச்டிடிபி அல்லது எச்டிடிபிஎஸ், ஹோஸ்ட் பெயர், போர்ட் மூன்றும் சேர்ந்ததுதான் ஒரிஜின். அது மாறும்போது, ஜாவாஸ்கிரிப்டிலிருந்து ரிக்வெஸ்ட் அனுப்பும் 'ஃபெட்ச்' தானாகக் குக்கியை அனுப்பாது, வருவதையும் ஏற்காது. அதில் கிரெடென்ஷியல்ஸ் என்பதை 'இன்க்ளூட்' என்று வைக்க வேண்டும். ஜாங்கோ பக்கம் கார்ஸ் அமைப்பில் (எந்த ஒரிஜின் நம் பதிலைப் படிக்கலாம் என்று சொல்லும் இடம்) கிரெடென்ஷியல்ஸை அனுமதிக்க வேண்டும், அனுமதிக்கும் ஒரிஜினை முழுதாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும். நட்சத்திரக் குறி போட்டால் பிரவுசர் ஏற்காது.

லோக்கல் ஸ்டோரேஜில் வைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே?

லோக்கல் ஸ்டோரேஜ் என்பது பிரவுசருக்குள்ளேயே இருக்கும் இன்னொரு சேமிப்பிடம். ஏரியா, தீம் மாதிரி விஷயங்களுக்கு வைக்கலாம். லாகின் டோக்கனை வைக்காதீர்கள். லோக்கல் ஸ்டோரேஜை எந்த ஜாவாஸ்கிரிப்டும் படிக்கும், எச்டிடிபிஒன்லி மாதிரி ஒரு மூடி அதற்கு இல்லை.

குக்கி வைக்க அனுமதி கேட்க வேண்டுமா?

இந்தியாவில் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. குக்கி என்று பெயர் சொல்லி அதில் இல்லை. ஒருவரை அடையாளம் காட்டும் தரவைச் சேர்த்தால் அறிவிப்பும் ஒப்புதலும் வேண்டும் என்பதுதான் அதன் வழி. அதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது. காசிமேட்டு வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் பத்தி பத்தியாகக் காட்டி 'அக்செப்ட்' என்று பச்சைப் பட்டன் வைப்பதில் நியாயம் இல்லை. "உங்கள் ஏரியாவையும் லாகினையும் ஞாபகம் வைக்க இந்தத் தளம் குக்கி வைக்கிறது, விளம்பரத்துக்கு எதுவும் வைக்கவில்லை" என்று எங்கள் தளத்தில் ஒரே வரி இருக்கிறது. விளம்பரக் குக்கி வைக்காததால்தான் அப்படி எழுத முடிந்தது.

லாக்அவுட்டில் குக்கியை அழித்தால் போதுமா?

போதாது. முதலில் அழிப்பதையே சரியாகச் செய்ய வேண்டும். குக்கியை அழிக்க என்று தனி வழி கிடையாது. ஏற்கெனவே காலாவதியான ஒரு குக்கியை அதே பெயரில் அனுப்புவதுதான் அழிப்பது. டெலீட்_குக்கி செய்வது அதைத்தான். செட் செய்தபோது கொடுத்த பாத், டொமைன் இரண்டும் அப்படியே இருக்க வேண்டும். இல்லையென்றால் பழையது அங்கேயே நிற்கும்.

அதோடு, சர்வரிலும் செஷனை அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் டோக்கன் எண்ணைக் குறித்து வைத்திருப்பவர் மறுபடி உள்ளே வரலாம். ஜாங்கோவின் லாக்அவுட் ஃபங்ஷன் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். கையால் டெலீட்_குக்கி மட்டும் போட்டு முடிக்காதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் என் தங்கைக்கு ஒரு விண்ணப்பம் போட உட்கார்ந்தேன். முகவரியை அடித்ததும் லாகின் பக்கம் வரவில்லை. எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த பெண்ணின் பக்கம் திறந்தது. புகைப்படம், சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண், வீட்டு முகவரி எல்லாம் திரையில். அவர் லாக்அவுட் செய்துவிட்டுத்தான் எழுந்தார், நான் பார்த்தேன். அந்தத் தளத்தின் லாக்அவுட் பட்டன் முதல் பக்கத்துக்கு அனுப்பியதே தவிர, செஷனைத் தொடவே இல்லை. ஓடிப்போய்ப் படிக்கட்டில் அவரைப் பிடித்து அழைத்து வந்தேன். பிரவுசரின் குக்கிகளை எல்லாம் நாங்கள் இருவரும் சேர்ந்து அழித்தோம். அவர் கை நடுங்கியது.

லாக்அவுட்டுக்குப் பிறகு 'பேக்' பட்டனைத் தட்டினால் பழைய பக்கம் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் அது குக்கி தப்பு இல்லை, கேஷ், அதாவது பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய பக்கம். சொந்த விவரம் காட்டும் வியூக்களுக்கு மேலே நெவர்_கேஷ் டெக்கரேட்டரைப் போட்டுவிடுங்கள்.

'என்னை ஞாபகம் வைத்துக்கொள்' டிக் பெட்டியை எப்படிச் செய்வது?

ஜாங்கோவின் செஷன் சும்மா விட்டால் இரண்டு வாரம் இருக்கும், 1209600 விநாடி. டிக் செய்யாதவருக்கு லாகின் வியூவில் ரிக்வெஸ்ட்.செஷன்.செட்_எக்ஸ்பைரி என்பதற்கு 0 கொடுங்கள், பிரவுசர் மூடும்வரை என்று அர்த்தம். முன்னால் சொன்னேனே, சில பிரவுசர்கள் மூடித் திறந்தாலும் அதைத் திருப்பிக் கொண்டுவரும். அதனால் நாங்கள் 0 வைக்கவில்லை, 1800 வைத்தோம். செஷனில் எதுவும் மாறாமல் அரை மணி நேரம் போனால் வெளியே அனுப்பிவிடும். டிக் செய்தவருக்கு முப்பது நாள்.

டிக் பெட்டி முதலிலேயே டிக் ஆகி இருக்க வேண்டுமா என்று மாணவி கேட்டாள். அவள் அம்மாவின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வீட்டுக்கு ஒரே போன் வைத்திருப்பவர்கள். பகலில் அம்மா கையில், சாயங்காலம் பையன் கையில், ராத்திரி அப்பா கையில். காலியாக விடச் சொன்னேன். பெட்டிக்குப் பக்கத்தில் "இது உங்கள் சொந்த போன் என்றால் மட்டும்" என்று எழுதலாமா என்றாள். எழுதச் சொன்னேன். முகவரி, பணம் இரண்டையும் தொடும் பக்கங்களுக்கு, முப்பது நாள் குக்கி இருந்தாலும் ஓடிபி கேட்கும்படி அதற்கு அடுத்த வாரம் மாற்றினோம்.